புற்றுநோய்க்கு ஊசி போட்ட பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஒழுங்காக்கும் டி கலங்களைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வலது கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. நாற்பது வருடமாக வெற்றிலையை அடக்கி வைத்த இடம். சுரண்டினாலும் போகாத அந்தத் திட்டு ஒரு கட்டத்தில் தடித்து, புண்ணாகி, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை வரை கொண்டுபோனது. இப்போது நன்றாக இருக்கிறார். ஒழுங்காகக் கிளினிக் போய்வருகிறார்.

அவருடைய மகன் போன மாதம் என்னிடம் போனை நீட்டினான். "அக்கா, புற்றுநோய்க்கு ஊசி கண்டுபிடிச்சிட்டாங்களாம். எங்கட அம்மாவுக்குக் கிடைக்குமோ?"

செய்தியை வாசித்தேன். "நோயாளிகளின் உடலில் கொல்லும் கலங்கள் பல மடங்கு பெருகின" என்று ஒரு வரி இருந்தது. தம்பி அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினான். என் கண் அந்த வரியில் இல்லாத ஒன்றைத் தேடியது: கூடவே பெருகிய மற்றக் கலங்கள் எவை? அதைச் சொல்லாமல் முதல் செய்திக்கு அர்த்தம் இல்லை.

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளோடு கழிந்தன. தம்பிக்கு அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, மருத்துவபீடத்துக்குப் புதிதாகப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் செல் என்பதை நாங்கள் கலம் என்போம். நிர்ப்பீடனம் என்பது நோய் எதிர்ப்பு. இந்த இரண்டு சொல்லும் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் படி: எந்த ஊசி என்று பிரித்துப் பாருங்கள்

இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே ஒரு தடுப்பூசி போடுகிறார்கள், இரண்டு டோஸ். அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரசுக்கு எதிரானது. அந்தப் பிள்ளைகளின் உடலில் கட்டி எதுவும் இல்லை. பெரும்பாலும் வைரசும் இன்னும் வந்திருக்காது. ஊசி உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், அதாவது கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், வைரசை வாசலிலேயே மறித்துவிடும். ஈரல் அழற்சி பி தடுப்பூசி ஈரல் புற்றுநோயைக் குறைப்பதும் இதே வழியில்தான். தாக்குதலை அடக்கும் ஒழுங்காக்கும் டி கலங்கள் (அடுத்த படியில் சொல்கிறேன்) இந்த வகை ஊசிகளில் பெரிய தலைவலி தருவதில்லை. உங்கள் வீட்டில் தரம் 6இல் ஒரு பெண்பிள்ளை இருந்தால் யோசிக்காமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

தம்பி காட்டிய ஊசி வேறு வகை. கட்டி ஏற்கெனவே வந்துவிட்டது, அதை உடம்பே தாக்கும்படி பழக்க வேண்டும். இதைச் சிகிச்சைத் தடுப்பூசி என்கிறார்கள். இங்கே பிறபொருளெதிரி போதாது. கட்டிக்குள் புகுந்து கலத்தைக் கலமாகக் கொல்லும் டி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்கள் வேண்டும். இனி நான் எழுதுவது முழுக்க இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: தடுத்து நிறுத்தும் கலத்தோடு பழகிக்கொள்ளுங்கள்

நம் டி கலங்களில் சில, சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை. தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். சில தப்பிவிடும். தப்பியவற்றை வெளியே அடக்கி வைத்திருக்க ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அவைதான் ஒழுங்காக்கும் டி கலங்கள். ஆய்வுகூடத்தில் எல்லோரும் சுருக்கமாக ட்ரெக் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இரத்தத்தில் உள்ள, சிடி4 என்ற அடையாளப் புரதத்தைத் தாங்கிய டி கலங்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை ட்ரெக்குகள்.

இவை கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. பிறந்து மூன்றாம் நாளில் தைமசை வெட்டி எடுத்த சுண்டெலிகளுக்கு, நிர்ப்பீடனம் பலவீனமாகும் என்று எதிர்பார்த்த இடத்தில், சொந்த உறுப்புகளே தாக்கப்படும் நோய் வந்தது. 1969இல் ஜப்பானில் கண்டது இது. 1970களில் "அடக்கும் டி கலம்" என்ற கருத்து பரபரப்பாகப் பேசப்பட்டு, சான்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போக, 1980களில் கைவிடப்பட்டது. அதைப் பற்றிப் பேசினாலே மரியாதை போகும் என்ற நிலை. அந்தக் காலத்திலும் விடாமல் தேடியவர் ஷிமோன் சகாகுச்சி. 1995இல் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய சிடி4 கலங்களே அந்த அடக்கும் வேலையைச் செய்கின்றன என்று காட்டினார். 2001இல் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், தோல் செதிலாகி இளவயதிலேயே சாகும் ஒரு சுண்டெலி இனத்தில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஃபொக்ஸ்பி3. அதே மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு நீரிழிவு, ஓயாத வயிற்றோட்டம், தோல் அழற்சி எல்லாம் ஒன்றாக வரும். 2003இல் இரண்டு நூலும் முடிச்சானது: ட்ரெக்கை ட்ரெக்காக ஆக்குவதே ஃபொக்ஸ்பி3தான். இந்த மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொண்டே மேலே வாசியுங்கள். ட்ரெக்கை வில்லனாக எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அது இல்லாத உடம்பு நீண்ட காலம் தாக்குப்பிடிக்காது.

மூன்றாம் படி: ஊசி போட்ட நாளிலிருந்து பின்தொடருங்கள்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மேல் கையில் ஊசி இறங்குகிறது. மருந்தில் இரண்டு விடயம் உண்டு. ஒன்று, கட்டியின் அடையாளமான புரதத் துண்டு, அல்லது அதைச் செய்வதற்கான குறிப்பான எம்ஆர்என்ஏ. மற்றது, நிர்ப்பீடனத்தைத் தட்டி எழுப்பும் துணைப்பொருள். அங்கே காத்திருக்கும் கிளைக்கலங்கள் என்ற காவல் கலங்கள் இந்தத் துண்டை விழுங்கி, அக்குளில் உள்ள நிணநீர்க்கணுவுக்கு நடக்கத் தொடங்குகின்றன. முதல் ஓரிரு நாளில் இது முடிந்துவிடும்.

நிணநீர்க்கணுவில் கிளைக்கலம் டி கலத்தைச் சந்திக்கும்போது இரண்டு செய்தி சொல்ல வேண்டும். "இதுதான் எதிரி" என்று துண்டைக் காட்டுவது முதல் செய்தி. "போ, தாக்கு" என்று சொல்லும் சிடி80, சிடி86 புரதங்கள் இரண்டாவது. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் கிடைத்தால் டி கலம் சோர்ந்து ஒதுங்கிவிடும்.

ட்ரெக் தன் முதல் வேலையைக் காட்டுவது இங்கேதான். அதன் மேற்பரப்பில் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் எப்போதும் நிறைய இருக்கும். அது சிடி80ஐயும் சிடி86ஐயும் இறுகப் பிடித்து, கிளைக்கலத்தின் தோலிலிருந்தே பிய்த்தெடுத்து, தனக்குள் இழுத்துச் செரித்துவிடும். 2011இல் இதை நுணுக்குக்காட்டியில் பார்த்தே உறுதி செய்தார்கள். முருங்கைக் கீரை உருவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பு அப்படியே இருக்கும், இலை மட்டும் போய்விடும். கிளைக்கலம் உயிரோடுதான் இருக்கிறது, துண்டையும் காட்டுகிறது. ஆனால் "போ" என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாளிலிருந்து ஏறத்தாழ ஏழாம் நாள் வரை டி கலங்கள் பெருகும் காலம். பெருகுவதற்கு இன்டர்லியூக்கின்-2 என்ற சுரப்பு வேண்டும். அதைச் சுரப்பதே தாக்கும் கலங்கள்தான். ட்ரெக் அதைச் சுரக்காது. ஆனால் அதைப் பிடிக்கும் சிடி25 ட்ரெக்கில் எப்போதும் தயாராக, ஏராளமாக இருக்கும். 2022இல் கொழும்பில் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும். பவுசர் வந்ததும் பெரிய கானோடு முன்னால் நிற்பவர் நிரப்பிக்கொண்டு போவார், பின்னால் சின்னப் போத்தலோடு நிற்பவருக்குச் சொட்டும் மிஞ்சாது. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஊசி நன்றாக வேலை செய்து தாக்கும் கலங்கள் அதிகமாகப் பெருகினால், இன்டர்லியூக்கின்-2 அதிகமாகச் சுரக்கும். அதைக் குடித்து ட்ரெக்கும் பெருகும். ஆக, ஊசியின் வெற்றியே ட்ரெக்குக்கும் தீனி.

இதைத் தவிர இன்டர்லியூக்கின்-10, டிஜிஎஃப்-பீற்றா போன்ற அடக்கும் சுரப்புகளும், அடினோசினை உண்டாக்கும் சிடி39, சிடி73 நொதியங்களும் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை. மேலே சொன்ன இரண்டும் பிடிபட்டால் போதும்.

அப்புறம், இரண்டாம் வாரம் அளவில் தாக்கும் கலங்கள் இரத்தத்தில் இறங்கிக் கட்டியைத் தேடிப் போகின்றன. கட்டிக்குள் போய் வேலையைத் தொடங்கியதும் இன்டர்பெரோன்-காமா என்ற சுரப்பை விடும். அது கிடைத்ததும் கட்டி சும்மா இருப்பதில்லை. பிடி-எல்1 என்ற கேடயத்தை உயர்த்துகிறது. டி கலங்களுக்கு வேண்டிய ஒரு அமினோ அமிலத்தைத் தின்னும் ஐடிஓ நொதியத்தைக் கூட்டுகிறது. இவற்றோடு கட்டிக்குள் சிசிஎல்22 என்ற ஈர்ப்புச் சுரப்பும், ஒரு வாசனை மாதிரி, எழுகிறது. அந்த வாசனைக்கு ஓடி வருபவை ட்ரெக்குகள். 2013இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வு இந்த வரிசையைத் தெளிவாகக் காட்டியது: கொல்லும் கலங்கள் முதலில் வந்தன, அவை வந்ததால்தான் ட்ரெக்குகள் வந்தன. இதை முதன்முதல் வாசித்த அன்று எனக்கு இரவு முழுக்க நித்திரை வரவில்லை. கட்டிக்குள் ட்ரெக் நிறைய இருப்பதை அதுவரை தோல்வியின் அடையாளமாக மட்டுமே பார்த்திருந்தேன். சில கட்டிகளில் அது, நம் கலங்கள் ஒருமுறையாவது உள்ளே புகுந்து சண்டை போட்டதன் தடயமாகவும் இருக்கலாம்.

நான்காம் படி: ஊசியே ட்ரெக்கை வளர்ப்பது எப்படி என்று பாருங்கள்

கட்டி வெளியிலிருந்து வந்த பொருள் இல்லை, நம் கலமே தடம் மாறியது. பழைய சிகிச்சைத் தடுப்பூசிகள் பல, கட்டியில் அதிகமாக இருக்கும் சாதாரண மனிதப் புரதங்களைக் குறி வைத்தன. அந்தப் புரதங்களைச் "சொந்தம்" என்று ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கும் ட்ரெக்குகள் உடம்பில் உண்டு. ஊசி போட்டதும் முதலில் எழுந்து வருபவை அவையாகவே இருக்கலாம். 2006இல் சுண்டெலிகளில் இதை நேரடியாகக் காட்டினார்கள். தடுப்பூசிக்குப் பிறகு அந்தக் கட்டிக்கென்றே உரிய தாக்கும் கலங்களும் பெருகின, அதே கட்டிக்கென்றே உரிய ட்ரெக்குகளும் பெருகின.

மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்த சான்று நெதர்லாந்தின் லைடனிலிருந்து வந்தது. பப்பிலோமா வைரஸ் 16ஆல் பெண்ணுறுப்பின் வெளித்தோலில் உண்டாகும் புற்றுநோய்க்கு முந்திய மாற்றத்துக்கு, அந்த வைரசின் இரண்டு புரதங்களிலிருந்து எடுத்த நீளமான துண்டுகளை 20 பெண்களுக்கு ஊசியாகக் கொடுத்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவின்படி, 12 மாதம் கழித்துப் பரிசோதித்த 19 பேரில் 15 பேருக்குப் பலன் தெரிந்தது. அவர்களில் 9 பேருக்கு அது முழுதாகவே மறைந்துவிட்டது. சிகிச்சைத் தடுப்பூசிகளின் வரலாற்றில் இது பெரிய விடயம்.

மறையாதவர்களுக்கு ஏன் மறையவில்லை? அடுத்த வருடம் அதே குழு அதற்குப் பதில் தேடியது. பலன் கிடைத்தவர்களில் தாக்கும் கலங்களின் எதிர்வினை வேகமாகவும் பலமாகவும் எழுந்திருந்தது. கிடைக்காதவர்களில் அதே வைரசுக்கென்றே உரிய, ஃபொக்ஸ்பி3 தாங்கிய சிடி4 கலங்கள் கூடுதலாக இருந்தன. அவர்களுடைய புண்ணின் பரப்பும் பெரிது. கவனியுங்கள், வைரசின் புரதம் நம் சொந்தப் புரதம் இல்லை. ஆனாலும் ட்ரெக் வந்திருக்கிறது. வருடக்கணக்கில் அழற்சி இல்லாமல் அமைதியாகக் கூடவே இருக்கும் அந்நியப் பொருளுக்கும் உடம்பு பழகிவிடும். சாதாரண சிடி4 கலங்களே டிஜிஎஃப்-பீற்றாவின் சூழலில் ட்ரெக்காக மாறிவிடும். புண் பெரிதாக, பழையதாக ஆக, ஊசி கிளப்பும் கூட்டத்தில் தடுப்பவர்களின் பங்கு கூடுகிறது.

ஊசியை எப்போது போட வேண்டும் என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு விடை வருகிறது. கட்டி பெரிதாக இருக்கும்போது, எல்லாச் சிகிச்சையும் தோற்ற பிறகு கடைசியாகப் போட்ட ஊசிகள்தான் பெரும்பாலும் தோற்றன. சத்திரசிகிச்சையால் கட்டியை எடுத்த பிறகு, மிச்சம் மீதியை எதிர்க்கப் போடுவது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். இன்றைய ஆய்வுகள் போகும் திசையும் அதுதான்.

ஐந்தாம் படி: எண்களை வாசிக்கப் பழகுங்கள்

ஒரு கட்டுரையில் "ட்ரெக் குறைந்தது" என்றோ "கூடியது" என்றோ இருந்தால், முதலில் எங்கே எண்ணினார்கள் என்று தேடுங்கள். கையிலிருந்து எடுத்த இரத்தத்திலா, கட்டியிலிருந்து வெட்டிய இழையத்திலா? இரத்தத்தில் எண்ணுவது இலகு, அதனால் பெரும்பாலும் அதையே செய்வார்கள். இரத்தத்தில் ட்ரெக் குறைந்தும் கட்டிக்குள் அப்படியே இருக்கலாம். சண்டை நடப்பது கட்டிக்குள்.

அடுத்தது, எதை வைத்து எண்ணினார்கள்? கலங்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியான புளோ சைட்டோமீற்றரின் முன்னால் நான் உட்கார்ந்த முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. திரையில் மணலைத் தூவியது மாதிரிப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலம். குறுக்கே சிடி25, நெடுக்கே ஃபொக்ஸ்பி3. வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கூட்டம், அதைச் சுற்றிச் சுட்டியால் ஒரு கட்டம் போட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் திட்டமான ஓரம் கிடையாது, மற்றப் புள்ளிகளோடு கலந்து தேய்ந்து போகும். கட்டத்தின் கோட்டை ஒரு இம்மி இடப்பக்கம் நகர்த்தினேன், நூற்றுக்கு ஐந்து ஏழானது. திரும்ப நகர்த்தினேன், நாலரை. கோட்டை எங்கே போடுவது என்று ஆய்வு தொடங்குமுன்பே தீர்மானித்து, யாருடைய மாதிரி என்று தெரியாமலே போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது.

மனிதர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரணத் தாக்கும் டி கலமும் தூண்டப்பட்டதும் கொஞ்ச நேரத்துக்கு ஃபொக்ஸ்பி3ஐக் காட்டும். ஊசி போட்டு ஒரு வாரத்தில் இரத்தம் எடுத்தால் தூண்டப்பட்ட கலங்கள்தான் நிறைய இருக்கும். அவற்றையும் ட்ரெக் என்று எண்ணிவிட்டு "ஊசி ட்ரெக்கைக் கூட்டிவிட்டது" என்று எழுதினால் அது பிழை. அதனால்தான் சிடி127 என்ற புரதம் குறைவாக இருப்பதையும், சிடி45ஆர்ஏ என்ற இன்னொரு புரதம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஃபொக்ஸ்பி3 மரபணுவின் ஒரு பகுதியில் மெதைல் அடையாளம் நீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைவிடச் சிறந்தது, கலங்களைப் பிரித்தெடுத்து அவை உண்மையில் மற்றக் கலங்களை அடக்குகின்றனவா என்று ஒரு தட்டில் வைத்துச் சோதிப்பது.

மூன்றாவது, தனி எண்ணைவிட விகிதம் பெரிது. கொல்லும் சிடி8 கலங்கள் எத்தனைக்கு ட்ரெக் எத்தனை? சுண்டெலிகளில் தடுப்பூசியோடு சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது, கட்டிக்குள் இந்த விகிதம் கொல்லும் கலங்களின் பக்கம் சாய்ந்தது. கட்டி பின்வாங்கியதும் அதோடு சேர்ந்தே வந்தது. இரண்டும் இரட்டிப்பானால் விகிதம் மாறாது, பலனும் பெரிதாக இராது. தம்பி காட்டிய செய்தியில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது எண்தான்.

கட்டியின் வகையையும் பாருங்கள். 2004இல் 104 சூலகப் புற்றுநோயாளிகளில் செய்த புகழ்பெற்ற ஆய்வு, கட்டியில் ட்ரெக் கூடக்கூட ஆயுள் குறைவதைக் காட்டியது. பெருங்குடல் புற்றுநோயிலோ சில ஆய்வுகள் நேர்மாறாக வந்தன. 2016இல் அதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது: ஃபொக்ஸ்பி3ஐக் கொஞ்சமாகக் காட்டும், அடக்கும் திறன் இல்லாத இன்னொரு கூட்டமும் அந்தக் கட்டிகளில் கலந்திருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில்கூட, 2006இல் பிரான்சில் வந்த ஆய்வு ஒன்று ட்ரெக் உள்ள கட்டிகள் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்பட்டதாகச் சொன்னது. பெரியம்மாவுடைய நோய் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், சூலகப் புற்றுநோயில் கண்டதை அப்படியே தூக்கி அவருக்குப் பொருத்த என்னால் முடியாது.

ஆறாம் படி: ட்ரெக்கை அகற்றப் பார்த்தவர்கள் கண்டதைப் படியுங்கள்

சரி, ஊசிக்கு முன் ட்ரெக்கை எடுத்துவிட்டால் என்ன? 1999இல் ஜப்பானில் இரண்டு குழுக்கள் சுண்டெலிகளில் சிடி25 கலங்களை அகற்றியதும் கட்டிகள் தாமாகவே பின்வாங்கின. நம்பிக்கை பொங்கியது. ஆனால் கட்டி வளர்ந்த பிறகு, அந்தக் கலங்களை அகற்றும் அதே பிறபொருளெதிரியைக் கொடுத்தால் பலன் மங்கிவிடும். காரணம் எளியது. தூண்டப்பட்ட தாக்கும் கலங்களும் சிடி25ஐ அணிந்திருக்கும். எதிரியைச் சுடும்போது நம் ஆட்களும் விழுகிறார்கள்.

மனிதர்களில் டெனிலூக்கின் டிஃப்டிடொக்ஸ் என்ற மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்டர்லியூக்கின்-2ஐயும் தொண்டைக்கரப்பான் கிருமியின் நஞ்சையும் ஒட்டிச் செய்தது அது. 2005இல் சிறுநீரகப் புற்றுநோயாளிகளில், இந்த மருந்துக்குப் பிறகு போட்ட தடுப்பூசிக்கு டி கலங்களின் எதிர்வினை கூடியது என்று ஒரு குழு எழுதியது. அதே வருடம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களில் இந்த மருந்தால் ட்ரெக்கை அகற்றவே முடியவில்லை என்று இன்னொரு குழு எழுதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லி என் மாணவர்களிடம் கொடுப்பேன்.

சைக்ளோபொஸ்பமைட் என்ற பழைய மருந்து குறைந்த அளவில் ட்ரெக்கைக் கூடுதலாகப் பாதிக்கும். ஐஎம்ஏ901 என்ற சிறுநீரகப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு முன் இதை ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். 68 பேரில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் ட்ரெக் குறைந்தது. இந்த மருந்தும் எடுத்து, ஊசிக்கு எதிர்வினையும் காட்டியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 2012இல் அது வெளிவந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். பிறகு 339 பேரில் மூன்றாம் கட்டம் நடந்தது. 2016இல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. எதிர்வினை காட்டியவர்களை மட்டும் பிரித்தெடுத்து எண்ணும் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எதிர்வினை காட்டும் உடம்பு ஏற்கெனவே கொஞ்சம் திடமான உடம்பாகவும் இருக்கலாம்.

சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப்பின் கதையும் இதோடு சேரும். 2010இல் வெளிவந்த ஆய்வில் 676 மெலனோமா நோயாளிகள். ஜிபி100 என்ற தடுப்பூசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.4 மாதம். இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு 10.1 மாதம். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 10.0 மாதம். மருந்து ஆயுளைக் கூட்டியது, அந்த ஊசி எதையும் கூட்டவில்லை. சுண்டெலிகளில் இந்த வகை மருந்து கட்டிக்குள் உள்ள ட்ரெக்குகளைக் கொன்றே பலன் தருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் அது எவ்வளவு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பக்கவிளைவையும் மறைக்கக் கூடாது. எல்லா ட்ரெக்குகளையும் ஒரேயடியாக நீக்கிய வளர்ந்த சுண்டெலிகள் சில வாரங்களில் தன்னுடலைத் தாக்கும் நோயால் செத்தன. இபிலிமுமாப் எடுத்தவர்களிலும் குடல் அழற்சி, கபச் சுரப்பி அழற்சி போன்றவை கடுமையாக வந்ததுண்டு. அதனால் இப்போது தேடுவது, கட்டிக்குள் இருக்கும் ட்ரெக்கை மட்டும் தொடும் வழிகளை. சிசிஎல்22 வாசனையைப் பிடிக்க ட்ரெக் அணிந்திருக்கும் சிசிஆர்4 என்ற வாங்கியைக் குறி வைக்கும் மொகாமுலிசுமாப் அந்தத் திசையில் ஒன்று.

ஏழாம் படி: இன்றைய ஊசிகளை இந்தக் கண்ணால் பாருங்கள்

தம்பி காட்டியது மெலனோமாவுக்கான எம்ஆர்என்ஏ ஊசி. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் தனித்தனியாக ஆராய்ந்து, அந்தக் கட்டியில் மட்டும் மரபணு மாற்றத்தால் புதிதாகத் தோன்றிய புரதத் துண்டுகளை, 34 வரை, தெரிந்தெடுத்துச் செய்கிறார்கள். இவை உடம்பு முன்பு கண்டிராதவை. ஆகவே "இது சொந்தம்" என்று தைமசில் பழகிய ட்ரெக்குகள் இவற்றுக்கு மிகக் குறைவு. கட்டிக்குள் ஊறிப்போன ட்ரெக்குகளில் சில இந்தப் புதிய துண்டுகளையும் அடையாளம் காண்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும் தொடக்கப் புள்ளி பழைய ஊசிகளைவிட நல்லது. கட்டியை வெட்டி எடுத்த பிறகு போடுகிறார்கள். பிடி-எல்1 கேடயம் பற்றும் பிடி-1 என்ற புரதத்தைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப்போடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். 157 பேரில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வு 2024இல் வெளிவந்தது. பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், நோய் திரும்புவதற்கோ இறப்பதற்கோ உள்ள ஆபத்து 44 வீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஐஎம்ஏ901இன் இரண்டாம் கட்டமும் ஒரு காலத்தில் நல்ல செய்தியாக இருந்தது என்பதையும் நினைவில் வைத்து, மூன்றாம் கட்டத்துக்குக் காத்திருக்கிறேன்.

எட்டாம் படி: அடுத்த செய்தி போனில் வரும்போது

தம்பிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவை இவை. சுண்டெலியா, மனிதரா? நோயைத் தடுக்கும் ஊசியா, வந்த நோய்க்கான ஊசியா? கட்டி இருக்கும்போதே போட்டார்களா, எடுத்த பிறகா? கொல்லும் கலம் பெருகியது என்றால் ட்ரெக் எவ்வளவு பெருகியது, எங்கே எண்ணினார்கள்? கடைசியாக, எண்ணியது கலங்களை மட்டுமா, மனிதர்கள் வாழ்ந்த காலத்தையுமா?

வைத்தியரிடம் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம். "நிர்ப்பீடனத்தைக் கூட்டும்" என்று விற்கும் தூளும் பாணியும் ட்ரெக்கையும் தாக்கும் கலத்தையும் பிரித்தறியாது. அவற்றை நம்பி நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை விட்டவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையைப் புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கோடு போட்டாலும் ஆபத்துத்தான், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். இன்று இரவு பல் தீட்டும்போது கண்ணாடி முன் நின்று, ஒரு டோர்ச்சைப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் விரித்துப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியிலும் இரண்டு ஓரங்களிலும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாத இறுக்கம், இதில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த அளவிலேயே பிடித்துவிட்டால், கட்டி ட்ரெக்குகளைக் கூட்டி வைத்துக் கோட்டை கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவின் வெற்றிலைத் தட்டம் இப்போது சாமி அறையில் குங்குமச் சிமிழுக்கு அடியில் இருக்கிறது. தம்பி அந்தத் தாளை மடித்து அவருடைய கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறான்.